நாலாவது பெயருக்கு நாற்பது நிமிடம்

தலைக்கு டை அடித்து முடித்தாயிற்று. இனி நாற்பது நிமிடம் கோகிலவாணி எதன்மேலும் சாயக்கூடாது, படுக்கக்கூடாது, நல்ல துணி எதையும் தொடக்கூடாது. மாடி பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கழுத்தைச் சுற்றி ஒரு கிழிந்த துண்டோடு, வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முன்பக்கம் அவளே பூசிக்கொண்டாள். பின்பக்கத்துக்கு வீட்டுக்காரர் குழந்தைவேலு வந்தார். பம்ப்செட் பட்டறை நடத்துகிற மனுஷர், மோட்டாருக்குப் பெயின்ட் அடிக்கிற அதே சிரத்தையோடு மேலிருந்து கீழாக இழுத்து இழுத்துப் பூசிவிட்டு, இரண்டாவது கோட் வேண்டுமா என்று வேறு கேட்டார். மத்தியானம் விசாவுக்குப் போட்டோ எடுக்க வேண்டும். ஐம்பத்தொன்பது வயதில் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் ஆறு நாள் கோல்ஃப் ஆடப் போகிறேன் என்று விண்ணப்பம் போடுகிறவளுக்குக் காதோரம் இரண்டு விரல் அகலம் வெள்ளை தெரிந்தால் அந்த ஆபீசர் என்ன நினைப்பான், ஒன்றும் நினைக்கமாட்டான், ஆனாலும் அடித்தாயிற்று. மடியில் போன், போனில் படிவம், படிவத்தில் நான்கு வரிசை. பெயர், பிறந்த தேதி, ஹேண்டிகேப். முதல் வரிசையில் அவள். இரண்டாவதில் காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஜெசிந்தா. மூன்றாவதில் துணிக்கடை வைத்திருக்கும் தமயந்தி. நாலாவது காலி. பன்னிரண்டரைக்குள் நாலு பெயரும் போய்ச் சேர வேண்டும். ஸ்காட்லாந்தில் அப்போது காலை எட்டு மணி, பயண ஏற்பாடு செய்யும் ஃபியோனா ஆபீசுக்கு வந்து முதலில் திறக்கிற கடிதம் நம்முடையதாக இல்லாவிட்டால் அந்த ஆட்ட நேரங்களை வேறு கூட்டத்துக்குக் கொடுத்துவிடுவாளாம். அன்பான கடிதம், வரிக்கு வரி மன்னிப்பு, ஆனால் பன்னிரண்டரை பன்னிரண்டரைதான். இப்போது மணி பத்தேகால்.

நான்கு மைதானம், ஆறு நாள். நான்கும் கடலை ஒட்டி. நம்மூர் மைதானம் போல நிழலுக்கு வேம்பும் நடுவில் மயிலும் கிடையாது, மரமே கிடையாது, கடலுக்கும் வயலுக்கும் நடுவே மணல்மேடு மேலும் கீழுமாய்க் கிடக்க, அதன்மேல் குட்டைப் புல், புல் முழுக்கக் காற்று, அவ்வளவுதான் மைதானம், யாரும் வெட்டிக் கட்டியதே இல்லை, ஆடு மேய்ந்த இடத்தில் ஆட ஆரம்பித்தார்கள் என்று ஜெசிந்தா பாடம் எடுத்தாள். அங்கே பந்தை வானத்தில் தூக்கி அடித்தால் காற்று அதைக் கடலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும், தரையோடு தரையாக உருட்ட வேண்டும். காற்றா, காற்றைப் பற்றிக் கோயமுத்தூர்க்காரிக்கா சொல்லித்தர வேண்டும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதம் வருகிற காற்றில் கொடியில் போட்ட போர்வை இரண்டு வீடு தள்ளிப் போய்த்தான் காயும். அந்தக் காற்றில் இருபது வருடம் ஆடியவர்கள் நாங்கள் என்று தமயந்தி ஃபியோனாவுக்கு எழுதச் சொன்னாள். எழுதவில்லை. எழுதியிருக்கலாம். நினைக்க நினைக்கப் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு முந்தைய நாள் மாதிரி இருந்தது. மழைக்கால்சட்டை வாங்கியாயிற்று. பருப்புப்பொடி யார், தக்காளித் தொக்கு யார் என்று குரூப்பில் மூன்று நாள் விவாதம் நடந்து, தொக்கு எண்ணெய் கசிந்தால் அத்தனை பேர் கையுறையும் நாசம் என்று ஜெசிந்தா எடுத்துச் சொன்னதில் பொடி ஜெயித்தது. தங்கும் விடுதியில் ஒரு அறைக்கு இரண்டு கட்டில். ஜெசிந்தாவும் தமயந்தியும் ஒரு அறை, ஒருத்தி குறட்டை விடுவாள், இன்னொருத்திக்குக் காது மந்தம், கடவுளே பார்த்துச் சேர்த்தது. இன்னொரு அறையில் ஜன்னலோரக் கட்டில் கோகிலவாணிக்கு. அதற்குப் பக்கத்துக் கட்டில்.

பக்கத்துக் கட்டில் ரங்காவுக்கு. ரங்கநாயகிக்கு. வேறு யார். இந்தப் பயணமே அவள் வாயிலிருந்து பிறந்ததுதான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால், கிளப்பில் நல்ல மழை, ஆட முடியாமல் இரண்டு பேரும் ஆம்லெட் தின்றுகொண்டு டிவி பார்த்தார்கள். எவனோ ஒரு வெள்ளைக்காரன், சட்டை படபடக்கிறது, தொப்பி பறந்து போய்விட்டது, ஆள் உயர மணல்பள்ளத்துக்குள் நின்றுகொண்டு பந்தைக் குழிக்கு எதிர்ப்பக்கமாக அடிக்கிறான், முன்னால் போக வழியில்லாததால் பின்னால் அடித்து வெளியே வருகிறான், பின்னாலேயே அடித்தாலும் அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ரங்கா ஃபோர்க்கை வைத்துவிட்டு, அறுபது ஆகறதுக்குள்ள அந்தக் காத்துல போயி நிக்கோணும்டி என்றாள். சரிடி என்றாள் கோகிலவாணி. அவ்வளவுதான் ஒப்பந்தம். அப்போது கோகிலவாணி ஆஸ்பத்திரியில் மயக்கமருந்து டாக்டர், அடித்துப் பிடித்து வியாழக்கிழமை மட்டும் காலை விடுப்பு வாங்கி வந்து ஆடுவாள்; ரங்காவுக்கு மாமனார் மாமியார், இரண்டு பெண்கள், மில் வீட்டு விருந்து உபசாரம், எல்லாவற்றையும் ஆறு மணிக்குள் முடித்துவிட்டு முகத்தில் மஞ்சள்கூடச் சரியாகக் கழுவாமல் வந்து நிற்பாள். வந்து நின்று முதல் பந்தை அடித்துவிட்டு ஒரு மூச்சு விடுவாள் பாருங்கள், அந்த மூச்சுக்காகவே அவளோடு ஆடலாம். இருவருக்கும் இந்த வருடம் முடிவதற்குள் அறுபது. அப்படிப்பட்டவளோடு பேசி மூன்று வருடம் இரண்டு மாதம்.

அந்தக் கதையை நினைக்கக்கூடாது என்று நினைத்தால் கழுத்துக்குப் பின்னால் நமைக்கிறது. சொறியவும் முடியாது. கதை ஒன்றும் பெரிதில்லை, வெளியாளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள், குழந்தைவேலு சிரித்தார். இவர்கள் நான்கு பேருக்குள்ளும் ஒரு வழக்கம். பந்து குழிக்குப் பக்கத்தில், ஒரு மட்டை நீளத்துக்குள் வந்து நின்றுவிட்டால், எதிராளி ‘எடுத்துக்கோ’ என்பாள். அப்புறம் அதைத் தள்ள வேண்டியதில்லை, போட்டதாகவே கணக்கு, பை சுமந்து வரும் கேடி குனிந்து பந்தை எடுத்துவிடுவார். சட்டத்திலும் அதற்கு இடம் உண்டு, எதிராளி மனசு வைத்தால் உண்டு. இருபது வருடத்தில் இவர்கள் ஒருத்திக்கொருத்தி எத்தனை ஆயிரம் எடுத்துக்கோ சொல்லியிருப்பார்கள், மூச்சு விடுகிற மாதிரி, யோசித்துச் சொல்வதே இல்லை. அன்றைக்குப் பெண்களுக்கான கோப்பை, இறுதி ஆட்டம், கோகிலவாணியும் ரங்காவும்தான், கடைசிக் குழி. ரங்கா அதைப் போட்டால் ஆட்டம் சமம், இன்னொரு குழி ஆடவேண்டும். பந்து இரண்டடியில் நிற்கிறது. இரண்டடிகூட இருக்காது. கேடி ராக்கியப்பன் வழக்கம்போல எடுக்கப் பாதி குனிந்துவிட்டார். ரங்கா இவளைப் பார்த்தாள். இவள் ஒன்றும் சொல்லவில்லை. ராக்கியப்பன் குனிந்த மட்டுக்கு அப்படியே நின்று, மெதுவாக நிமிர்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ரங்கா தள்ளினாள். பந்து குழியின் விளிம்பைத் தொட்டு, சுற்றி, வெளியே வந்து நின்றது. கோகிலவாணி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள், கண்ணில் தண்ணீர்கூட வந்தது, ரங்கா மரக்கட்டை மாதிரி நின்றாள். அடுத்த வியாழக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரம் சனிக்கிழமைக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்தது. கோப்பை ஷோகேஸில் இருக்கிறது, வேலைக்காரப் பெண் துடைக்கிற நாட்களில் மட்டும் பளபளக்கும்.

ஏன் சொல்லவில்லை. முதல் வருடம் ஜெசிந்தா கேட்டபோது, வாயில் நெல்லிக்காய் மிட்டாய் இருந்தது, விழுங்குவதற்குள் அவள் தள்ளிவிட்டாள் என்று சொன்னாள். அது பொய், மிட்டாய் பதினாலாவது குழியிலேயே கரைந்துவிட்டது. இரண்டாவது வருடம், இறுதி ஆட்டம் என்றால் இறுதி ஆட்டம், அதில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, டிவியில் வருகிறவர்கள் கொடுக்கிறார்களா என்றாள். அது பொய் இல்லை. ஆனால் அது மெய்யும் இல்லை, மெய் என்றால் இத்தனை நாள் நமைக்காது. போன் கிணுங்கியது. ஜெசிந்தா. பேர் போட்டாச்சா என்கிறாள். அதற்குக் கீழே தமயந்தி, என் நாத்தனார் ரெடியாத்தான் இருக்கறா, சொல்லட்டுமா என்கிறாள். தமயந்தியின் நாத்தனார் நல்லவள்தான், யார் இல்லை என்றார்கள், நாம் மட்டையை ஓங்கும்போதுதான் அவளுக்குப் பேச்சு வரும், அதுவும் மருமகளைப் பற்றி. ஆறு நாள். பக்கத்துக் கட்டிலில். பொறு என்று இரண்டு பேருக்கும் அனுப்பினாள். பிறகு ரங்காவின் எண்ணை எடுத்து, எப்படி இருக்கே என்று அடித்தாள், அழித்தாள். உன்கிட்ட ஒண்ணு கேக்கோணும், அழித்தாள். ஹாய் என்று அடித்துவிட்டு, இந்த வயதில் ஹாயா என்று அதையும் அழித்தாள். அவள் முடியாது என்று சொல்லிவிட்டால்? முடியாது என்றால்கூடப் பரவாயில்லை, எடுக்காமலே விட்டுவிட்டால்? மணி அடித்து அடித்து ஓய்ந்தால் அதோடு முடிந்தது, இந்த ஜன்மத்துக்கு அப்புறம் கூப்பிட முடியாது, அறுபதும் ஆகிவிடும். அந்தப் பயத்தில்தான் ஒரு மாதமாக இந்தப் படிவம் காலியாகக் கிடக்கிறது.

குழந்தைவேலு மோர் கொண்டுவந்து வைத்தார். தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நன்றாகப் பிடித்திருக்கிறது, இன்னும் இருபது நிமிடம் என்று தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டார். ரங்காவைக் கூப்பிட்டாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றதும், ஒரு குச்சியை வைத்துக்கொண்டு ஒரு பந்தைத் தள்ளியதற்கும் தள்ளாததற்குமா மூன்று வருடம், அண்ணன் தம்பி நிலத்தகராறுகூட இதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று சிரித்துக்கொண்டே கீழே போனார். அவருக்கு என்ன தெரியும். அவருக்குத் தெரியாததுதான் நல்லது. மோர் நன்றாக இருந்தது, இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். வெயில் துணிக்கொடிவரை ஏறிவிட்டது. எதிர்வீட்டு மாடியில் யாரோ மிளகாய் காயப்போடுகிறார்கள், அந்தக் காரம் மூக்கில் ஏறியது. ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் அவள் செய்த வேலை என்ன, படுத்திருக்கிறவரை ஒன்றிலிருந்து பத்து எண்ணச் சொல்வாள், ஆறைத் தாண்டியவர் குறைவு, அப்புறம் அவர் விரலைப் பார்ப்பாள், இமையைப் பார்ப்பாள், மூச்சைப் பார்ப்பாள். பார்ப்பதுதான் வேலை. கத்தியைப் பிடிக்கிற டாக்டருக்குத்தான் பேர், ஆனால் உயிர் இருக்கிறதா என்று விரல் நகத்தில் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள். யாருக்கு நடுங்குகிறது, குளிரா, பயமா, தூக்கமின்மையா, பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள்.

சொல்லிவிடுவாள். அதுதான் விஷயம். அன்றைக்கும் அவள் பார்த்தாள். ரங்காவின் வீட்டுக்காரர் இதய ஆபரேஷன் முடிந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். பதினொரு நாளும் ரங்கா நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினாள், தியேட்டர் வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளே கோகிலவாணிதான். காத்தாட வந்து ஆடுடி, உடம்புக்கு நல்லது என்று கூப்பிட்டதும் இவள்தான். கடைசிக் குழியில் ரங்கா மட்டையை ஊன்றி நின்றபோது அவள் வலதுகைச் சுண்டுவிரல் படபடவென்று ஆடியது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. இவளுக்குத் தெரிந்தது. எடுத்துக்கோ என்கிற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது, நின்றதும் அந்த விரலைப் பார்த்தாள், இது போகாது என்று தெரிந்தது, போகாது என்று தெரிந்த பிறகுதான் வாயை மூடினாள். மிட்டாயும் இல்லை, சட்டமும் இல்லை. தூக்கம் கெட்டுக் கிடந்த தோழியின் விரலைப் பார்த்து, டாக்டர் கண்ணால் பார்த்து, கோப்பையை எடுத்துக்கொண்டாள். கேவலம். மனசுக்குள் என்றாலும் அந்த வார்த்தையை முழுசாகச் சொன்னது இன்றைக்குத்தான். சொன்னதும் முகம் சுட்டது, அது வெயில் இல்லை. கீழே குழந்தைவேலு யாரிடமோ பேரிங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கோகிலவாணி ரங்காவின் பெயரை அழுத்திவிட்டு, ஸ்பீக்கரில் போட்டால் அவருக்குக் கேட்கும் என்று, டையாவது ஒன்றாவது, போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள்.

மூன்றாவது மணியில் எடுத்துவிட்டாள். சொல்லு என்றாள், நேற்றுப் பேசி வைத்தவள் மாதிரி. கோகிலவாணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள், நன்றாக இருக்கிறார், கார் ஓட்டுகிறார், ஓட்டவே வேண்டாம் என்றால் கேட்பதில்லை என்றாள். பெண்கள்? பெரியவள் பெங்களூர், சின்னவளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. இதெல்லாம் இவளுக்கு ஏற்கெனவே தெரியும், மூன்றாம் ஆள் வழியாக அத்தனையும் விசாரித்து வைத்திருக்கிறாள். காதுமடலில் டை குளிர்ச்சியாக இறங்கியது.

“ரங்கா, அன்னிக்கு உன்ற விரலு நடுங்கறத நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் வாயத் தொறக்கல. மிட்டாய் கிட்டாய்னு ஜெசிந்தாகிட்ட சொன்னதெல்லாம் பொய்யி.”

அந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. பிரஷர் குக்கர் ஒரு விசில் அடித்தது. கோகிலவாணி எண்ணினாள், தன்னையறியாமல், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஆறைத் தாண்டினால் ரங்கா போனை வைத்துவிடுவாள் என்று தோன்றியது.

“நீ பாத்தது எனக்குந் தெரியும்” என்றாள் ரங்கா. “நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்டி. கடைசி ஆட்டத்துல யாரு சொல்லுவா.”

அப்புறம் ஏன் மூன்று வருடம் என்று கோகிலவாணி கேட்டாள்.

“ஜெயிச்சவ சந்தோசமாக் கைய உசத்தியிருக்கோணும். நீ ஓடியாந்து கட்டிப் புடிச்சு அழுதே. அத்தன பேரு பாக்க. என்னமோ நான் எழவு வீட்ல நிக்கற மாதிரி. அதத்தான் என்னால செமிக்க முடியல.”

இப்படி ஒன்று இருக்கும் என்று கோகிலவாணிக்கு மூன்று வருடத்தில் ஒரு நிமிடம்கூடத் தோன்றியதில்லை. எதைக் குற்றம் என்று எண்ணி எண்ணிப் புழுங்கினாளோ அதை ரங்கா ஒன்றுமில்லை என்று ஊதிவிட்டாள். எதைத் தான் செய்த ஒரே நல்ல காரியம் என்று மூட்டை கட்டி வைத்திருந்தாளோ அங்கேதான் முள் இருந்திருக்கிறது. முப்பது வருடம் பார்க்கிற வேலை பார்த்தவளுக்கு, கட்டிக்கொண்டபோது அந்த உடம்பு ஏன் விறைத்தது என்பது மட்டும் தெரியாமல் போயிருக்கிறது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, அழுதால் மறுபடியும் அதே தப்பு என்று பயந்து சிரிப்பை மட்டும் வெளியே விட்டாள். ரங்காவும் ஒரு மாதிரி சிரித்தாள், மூக்கால், பழைய சிரிப்பு. அந்த இடைவெளியில் கோகிலவாணி எல்லாவற்றையும் கொட்டினாள், செப்டம்பர் முதல் வாரம், நாலு மைதானம், கடல், மணல்மேடு, பருப்புப்பொடி, தமயந்தியின் நாத்தனார், பன்னிரண்டரை மணி. மூச்சு விடாமல் சொன்னாள். நீ வரோணும் என்று கேட்காமல், பாஸ்போர்ட் கைவசம் இருக்கா என்று கேட்டாள். இருக்கிறது என்றாள் ரங்கா. அந்தக் காற்றில் போய் நிற்க வேண்டும் என்று சொன்னது தான்தானே என்றாள். பிறகு ஒரு நிபந்தனை என்றாள்.

“ஆறு நாளும் எவளும் எவளுக்கும் எடுத்துக்கோன்னு சொல்லப்படாது. அரையடின்னாலும் அடிச்சே போடோணும். நீயும்தான்.”

சரி என்றாள். சொன்ன பிறகுதான் திக்கென்றது. கோப்பை ஆட்டங்களை விட்டுவிட்டால், இருபது வருடமாக இரண்டடிப் பந்தை ஒரு நாளும் முழுசாகத் தள்ளிப் பழகாதவள் அவள், ஜெசிந்தாவும் தமயந்தியும் அப்படித்தான், அத்தனை தூரம் பறந்து போய், வெள்ளைக்காரக் கேடிகள் பார்த்து நிற்க, அரையடிப் பந்தைக் குழியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விரட்டிக்கொண்டு திரியப் போகிற காட்சி கண்முன் வந்தது. போய்ச் சேரட்டும். படிவத்தைத் திறந்தாள். நாலாவது வரிசையில் ரங்கநாயகி என்று அடித்தாள், விரல்பட்ட இடமெல்லாம் திரை கறுப்பாயிற்று. பிறந்த தேதியைக் கேட்கவில்லை, அது விரலுக்கே தெரியும். ஹேண்டிகேப் கட்டத்தில் நின்றாள். அது ஆட்டம் எவ்வளவு கெட்டி என்று காட்டுகிற எண், குறையக் குறைய நல்லது, மூன்று வருடத்துக்கு முன்னால் இருவருக்கும் ஒன்றுபோல இருபத்தொன்று, இப்போது கோகிலவாணிக்கு ஒன்று ஏறி இருபத்திரண்டு. உனக்கு இப்ப எவ்வளவு என்று கேட்டாள்.

“பதினஞ்சு” என்றாள் ரங்கா.

பதினைந்தா என்று மறுபடி கேட்டாள். பதினைந்துதான், சனிக்கிழமைக் கூட்டத்தில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, அதோடு வீட்டு ஹாலில் டம்ளரைப் படுக்கப் போட்டு தினம் நூறு பந்து தள்ளுகிறாளாம், வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்து எண்ணிச் சொல்வாராம். கீழேயிருந்து குழந்தைவேலு நாற்பது நிமிடம் தாண்டிப் பத்தாகிறது, முடி வெந்துவிடும், இறங்கி வா என்று கத்தினார். இவள் காதில் விழவில்லை. ஆறு நாள். நாலு மைதானத்திலும் ரங்கா இவளைத் துவைத்துக் காயப்போடப் போகிறாள், எதிர்க்காற்றில், அத்தனை பேர் பார்க்க. அடித்து முடித்துவிட்டுக் கையை நன்றாக மேலே உயர்த்தப் போகிறாள். அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று கோகிலவாணிக்கு அப்படி ஒரு ஆசை வந்தது. பதினைந்து என்று அடித்து, அனுப்பினாள்.